ஏழாம் இலக்க ஜேர்சி

உதைபந்தாட்டத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் கனடாவில், ஸ்காபரோவில், எங்கள் ஊர் உதைபந்தாட்ட ரீமின் ஜேர்சிகளைத் தோய்த்தது நாங்கள்தான், நானும் அம்மாவும். என் கணவர் கப்டன். கப்டன் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஊத்தைத் துணி தானாகவே அங்கே வந்து சேரும். அதற்குக் கூட்டமும் தீர்மானமும் தேவைப்படவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கூட்டம் போட்டார்கள், எங்கள் அப்பார்ட்மென்ற் ஹோலில், நான் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு.

ரீம் தொடங்கியது எண்பத்தாறில். நீல ஜேர்சி, முதுகில் வெள்ளை இலக்கம். பிரித்துக் கொடுத்தபோது ஏழை ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் அது என் தம்பியின் இலக்கம். வலப்பக்கக் கரையால் ஓடுகிறவன். ஓடத் தொடங்கினால் துரத்துகிறவன் பாதிவழியில் நின்று இடுப்பில் கையை வைப்பானாம். அதற்கு இரண்டு வருடம் முந்தி ஒரு பின்னேரம் விளையாடப் போனவன் வீட்டுக்கு வரவில்லை. சந்தியில் ஆமி நின்றது என்றார்கள். அவனைப் பிடித்ததைக் கண்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மா ஆமி காம்ப் காம்பாக ஏறி இறங்கி அலைந்து, கடைசியில் நான் ஸ்பொன்சர் செய்து இங்கே வந்து சேர்ந்தார். "வந்தால் போடட்டும்" என்று என் கணவர் அந்த ஜேர்சியை என்னிடம் தந்தார். நான் அதை அம்மாவின் அலுமாரி லாச்சியில் வைத்தேன்.

ஒருவரும் போடாத ஜேர்சியை ஏன் தோய்க்க வேண்டும்? முதல் தரம் துணிப்பையைக் கட்டும்போது அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை விட்டுவிட்டுப் போனால் தம்பியைக் கைவிட்டதுபோல் இருக்கும் என்று நினைத்து எடுத்து மேலே போட்டேன். அன்றிலிருந்து கிழமைக்குக் கிழமை அதுவும் எங்களோடு கீழே லோன்றிக்கு வந்தது. மெஷினின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஏழு மேலே வரும், கவிழும், திரும்பவும் வரும். நான் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு இருப்பேன். அம்மா அதை அயர்ன் பண்ணி மடித்து லாச்சியில் வைப்பார். அப்பாவின் திவசத்துக்குப் படைக்கும்போதும் தம்பிக்கென்று ஓர் இலை போடவில்லை. நானும் கேட்கவில்லை.

மைதானத்தில் இன்னும் மோசம். எங்கள் பெடியங்களின் கால்கள் ஊரில் பழகிய கால்கள். நடுவில் விளையாடுகிற அண்ணை பந்து கிடைத்ததும் நிமிர்ந்தே பார்க்காமல் வலப்பக்கக் கரைக்குத் தூக்கி அடிப்பார். அங்கே யாரையாவது நிறுத்தியிருந்தாலும் அடிக்கிற பந்து தம்பியின் ஓட்டத்துக்கு அடித்த பந்து. அதை எட்டிப் பிடிக்க அவர்களால் ஏலாது. பந்து தன்பாட்டில் உருண்டு வெளியே போகும். எத்தனை தரம் திட்டு வாங்கினாலும் அடுத்த பந்தும் அங்கேதான் போகும். ஒரு நாள் பக்கத்து ஊர் ரீமின் மனேஜர் கரையில் நின்று, "உவை பேய்க்கெல்லோ பாஸ் குடுக்கினம்" என்று சொல்லிச் சிரித்தார். நான் குடையை மடக்கிக்கொண்டு போய் அந்த ஆளின் ஏழு தலைமுறையையும் இழுத்துக் கொடுத்த ஏச்சில், அதன் பிறகு என்னைக் கண்டால் அவர் மற்றப் பக்கம் போய் நிற்பார்.

எண்பத்தெட்டுக் கோடையில்தான் அந்தப் பெடியன் வந்தான். மட்டக்களப்பு. மிசிசாகாவில் ஒஃபிஸ்களில் கிளீனிங் வேலை. விளையாட ஆசை, சேர ரீம் இல்லை. ஊருக்கு ஊர் ரீம் வைத்திருந்த அந்த நாளில் அவன் ஊர்க்காரர் பதினொரு பேர் இங்கே சேரவில்லை. சும்மா மட்ச் பார்க்க வந்து வலப்பக்கக் கரையில் நின்றான். வழமைபோல ஆளில்லாத பக்கம் பந்து வந்தது. பாட்டாச் செருப்போடு ஓடினான். கோட்டைத் தாண்டுவதற்கு முன் பந்தை நிறுத்தி நடுவுக்கு அடித்துவிட்டு, செய்யக்கூடாததைச் செய்தவன்போல வெட்கப்பட்டு விலகினான். நடுவில் நின்ற அண்ணை அப்படியே புல்லில் குந்திவிட்டார்.

அடுத்த கிழமை கூட்டம். அவனை எடுப்பதா விடுவதா? எங்கள் சட்டம் என்னவென்றால், ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது ஊரில் பெண் எடுத்திருக்க வேண்டும். இன்றைக்கு ஒருத்தனை எடுத்தால் நாளைக்குப் பதினொரு பேரும் வெளியாட்கள், பிறகு ஊர்ப்பேர் எதற்கு என்றார் ஒருவர். தொடர்ந்து தோற்கிறதால் ஊர்ப்பேர் நல்லாய் விளங்குதோ என்று கேட்டார் என் கணவர். அப்படியென்றால் பெடியனுக்கு ஊரில் ஒரு பொம்பிளையைப் பேசிக் கட்டிவைத்துவிட்டு இறக்குவோம் என்று இன்னொருவர் சொல்ல, மெய்யாகவே இரண்டு பேர் பெண் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் கை உயர்த்தி, எடுப்பது என்று முடிவானது. அப்போதுதான் ஒருவர் கேட்டார், "ஜேர்சி?"

எல்லோரும் குசினிப் பக்கம் பார்த்தார்கள். அம்மா அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த நீலம் கடையில் முடிந்துவிட்டது; மிச்சம் இருந்தது ஏழு மட்டும்தான். நான் தேத்தண்ணித் தட்டத்தை மேசையில் இடித்து வைத்தேன்.

"அதுக்கு ஆள் இருக்கு."

கூட்டம் அத்தோடு கலைந்தது. எனக்கு அந்தப் பெடியன்மேல் ஒரு கோபமும் இல்லை என்று சொன்னால் பொய். அவன் எங்கிருந்தோ வந்து ஓடிக் காட்டியபடியால்தானே இந்தக் கேள்வி வந்தது. அதைவிட, அம்மாவை நினைத்துத்தான் பயந்தேன். அந்த ஜேர்சி லாச்சியை விட்டுப் போனால் அம்மா எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார்?

ஊர்களுக்கிடையிலான போட்டியன்று அதை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். பெடியன் வெள்ளை ரீசேட்டோடு வந்து நின்றான். இலக்கம் இல்லாமல் இறக்க ஏலாது என்றார் ரெஃபரி. அப்போது அம்மா மடக்குக் கதிரையில் இருந்தபடியே தன் பையைத் திறந்தார். தேத்தண்ணிப் போத்தலுக்குக் கீழே, அயர்ன் பண்ணின மடிப்புக் கலையாமல் ஏழு இருந்தது. அவனைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

"இது ஆர்ர சேட்டு, அம்மா?" என்று கேட்டான்.

நான் முந்திக்கொண்டேன். "என்ர தம்பியின்ர. அவன் வந்தாப் போடுறதுக்கு வச்சிருக்கிறம்."

அவன் விரித்ததைத் திரும்ப அதே மடிப்பில் மடித்தான். "அப்ப எனக்கு வேணாம், அக்கா. வாற ஆளின்ர இடத்தில நான் நிக்கக் கூடாது."

"அவன் வரமாட்டான், மகன்," என்றார் அம்மா. "போடு."

அடுப்பில் சோறு வெந்துவிட்டது என்று சொல்கிற குரல். அந்த நேரம் பார்த்து மற்ற ரீமின் மனேஜர் வந்தார், அதே பேய்க்காரர். உவர் உங்கட ஊரோ, ஆர்ர பெடியன் என்று கேட்டார்.

"என்ர வீட்டுப் பெடியன்," என்றார் அம்மா.

அந்த ஆளுக்கு எங்கள் வீட்டையும் தெரியும், தம்பியையும் தெரியும். ஜேர்சியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார்.

மட்ச் தொடங்கி, நடுவில் நின்ற அண்ணை நிமிராமல் வலப்பக்கம் அடித்தார். இந்த முறை அங்கே ஆள் இருந்தது. பெடியன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையால் ஓடினான். முகம் இல்லை, ஏழு மட்டும்தான் தூரப்போனது. 'திரும்படா, ஒருக்காத் திரும்பு' என்று நெஞ்சுக்குள் கத்தினேன். திரும்பினால் வேறு முகமாக இருக்கும் என்று தெரிந்துகொண்டே கத்தினேன்.

பிறகு அம்மாவிடம், அவன் வரமாட்டான் என்று எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"இஞ்ச வரேக்கையே தெரியும். நீதான் கிழமைக்குக் கிழமை அதை எடுத்து மேல போட்டாய். பிள்ளை நம்பியிருக்கிறாள், நான் ஏன் கெடுக்கவேணும் எண்டு பேசாம இருந்தனான்."

உங்களுக்காகத்தான் போட்டேன் என்று நான் சொல்லவில்லை. சொல்லி என்ன?

அன்றைக்கும் தோற்றோம். வீட்டுக்கு வந்து துணிப்பையை அவிழ்த்தேன். ஏழு ஜேர்சியின் தோள் முழுக்கப் புல்லுக்கறை, முதுகு வேர்வையில் நனைந்து கிடந்தது. அத்தனை நாளும் ஊத்தையே படாத துணியைத்தான் தோய்த்திருக்கிறோம். அம்மா அதை என் கையிலிருந்து வாங்கி முகத்தில் வைத்து மணந்து பார்த்தார். கனநேரம் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"இது அவன்ர மணம் இல்லை" என்றார். பிறகு குசினி நிலத்தில் குந்தியிருந்து, தம்பி போனதற்காக, நான் காண முதல் தடவையாக அழுதார்.