பக்கத்து சீட்டு பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரைப் பொறுத்தவரை மனிதர்கள் இரண்டு வகை. வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள்; தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள். இரண்டாவது வகையின் தயவில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஓட்டுபவரின் பக்கத்து சீட்டில்தான் அவர் ஆயுசு கழிந்தது. அந்த சீட்டின் முன்னால் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக். எதிரே லாரி வந்தால், பழகுகிறவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடி "கடவுளே" என்பார். வண்டி நிற்கும். கடவுள் என்று அவர்கள் கூப்பிட்டதெல்லாம் பெரும்பாலும் மாஸ்டருடைய வலது காலைத்தான்.

அப்படிப்பட்டவருக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று பரிசோதனை சொல்லிவிட்டது. கட்டி சுரப்பியைத் தாண்டிப் போகவில்லை, எடுத்துவிடலாம், தலைபோகிற அவசரமில்லை, யோசித்து முடிவு செய்யுங்கள் என்றார் பார்த்த டாக்டர். மாஸ்டர் ஒன்றைத்தான் திரும்பக் கேட்டார்.

"அதுக்கப்புறம் சிறுநீர் கசியும்னீங்களே, நிக்குமா?"

"நிறைய பேருக்குச் சில மாசத்துல நின்னுடும். சிலருக்கு நிக்காது. ஆபரேஷன் பண்ற கையையும் பொறுத்தது."

நாள் முழுக்க அடுத்தவர் தோளோடு தோள் உட்கார்ந்து பிழைக்கிறவருக்கு இதைவிட விளக்கமாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. உயிர் மட்டும் திரும்பினால் போதாது, அந்த சீட்டுக்கும் திரும்ப வேண்டும். கை தேர்ந்த டாக்டரிடம்தான் என்று அன்றே தீர்மானித்துவிட்டார்.

வீட்டில் துக்கம் அரை நாள் நீடித்தது. சாயங்காலம் மனைவியின் தம்பி வந்து அதைப் பெருமையாக மாற்றிவிட்டுப் போனார். எதற்கெடுத்தாலும் தீர்ப்புச் சொல்வதால் குடும்பத்தில் அவருக்கு நீதிபதி என்று பெயர்.

"எதுக்கு அத்தான் கவலை? நம்ம மாப்பிள்ளை படிச்சதே இந்தப் படிப்புதானே! அவங்க ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ற ரோபோவே இருக்கு. வீட்டுல டாக்டர வச்சுக்கிட்டு வெளியில போனா நாலு பேர் என்ன கேப்பாங்க?"

"அந்த நாலு பேருக்கா ஆபரேஷன்?" என்றார் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. மாமனார் முன்னால் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார். எந்த அறை, எந்தத் தேதி என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோது மாஸ்டர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை, இந்த ஆபரேஷன் நீங்க கைப்பட எத்தனை பண்ணியிருக்கீங்க?"

மேசைக்கடியில் மனைவி அவர் காலை ஓங்கி மிதித்தாள். அந்தக் குடும்பத்தில் பிரேக் போடத் தெரிந்தவர் அவர் ஒருவர் மட்டுமில்லை.

"பதினொண்ணு, மாமா."

"பதினொண்ணாவது கிளாஸ்லதான் நாங்க ரிவர்ஸே ஆரம்பிப்போம்."

மகள் தட்டோடு எழுந்தாள். "அப்பா! அவரை எல்-போர்டுன்னு சொல்றீங்களா?"

"எல்-போர்டு என்ன கெட்ட வார்த்தையாம்மா? உன்னைப் படிக்க வச்சதே அந்த போர்டுதான்."

தட்டு தொட்டியில் விழுந்த சத்தத்தில் பேச்சு முடிந்தது. கை கழுவப் போன மாப்பிள்ளை திரும்பி வர வெகுநேரம் ஆனது.

அதன்பிறகு மாஸ்டருக்குப் பொருளாதாரத் தடை. மகள் போன் எடுப்பதில்லை. தேநீர் 'ணங்'கென்று வந்தது. நீதிபதி ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களை எல்லாம் போனில் அழைத்து, அத்தானுக்கு நோய் மூளைக்கும் போய்விட்டதோ என்று கவலைப்பட்டார்.

"உங்களுக்கு உங்க உடம்பு பெருசா, பொண்ணு வாழ்க்கை பெருசா?" என்று மனைவி அழுதாள்.

"ரெண்டும் வேணும்னுதான்டி அடம்பிடிக்கிறேன். நல்லபடியா முடிஞ்சா அவர் 'நம்ம மாப்பிள்ளை'. ஏதாவது கோணலா போச்சுன்னா 'உங்க மாப்பிள்ளை'. நான் ஈர வேட்டியோட உட்கார்ந்திருப்பேன், அவர் தலையைக் குனிஞ்சிக்கிட்டு சாப்பிடுவார். ஆயுசுக்கும் ஒரே மேசையில. தேவையா?"

இருந்தாலும் பார்க்காமல் பழிக்கக் கூடாது என்று மாப்பிள்ளையின் ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் தனியாகப் போனார். முகம் பார்த்துத் தலைவாரிக்கொள்ளும் அளவுக்குத் தரை பளபளத்தது. வரவேற்பில் இருந்த பெண் ரோபோவின் படத்தைக் காட்டினாள்.

"கை நடுக்கமே இருக்காது சார். லேட்டஸ்ட் மாடல்."

"வண்டி புதுசு, சரி. ஓட்டுறது யாரு?"

"டாக்டர்தான் சார் ஓட்டுவார்."

"அதைத்தானேம்மா நானும் வீட்டுல கேட்டேன். சாப்பாட்டை நிறுத்திட்டாங்க."

அடுத்த வாரம் மாப்பிள்ளையே டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து நின்றார். முகம் சரியில்லை. மாஸ்டர் உட்காரச் சொல்லவில்லை. பயிற்சி வண்டியின் சாவியை நீட்டினார். "ஓட்டுங்க, பேசிக்கிட்டே போகலாம்."

ஊரறிந்த டாக்டர், கூரைமேல் எல்-போர்டு உள்ள வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் வந்த ஸ்கூட்டர்க்கார அம்மா ஹாரன் அடித்தே முந்திப் போய், "கத்துக்கிட்டு ரோட்டுக்கு வாய்யா!" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

"ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரிஞ்சிடுச்சு மாமா. சொந்த மாமனாரே நம்பலைன்னு சிரிக்கிறாங்க."

"எனக்கு வருத்தம்தான். ஆனா உங்க மானத்தைக் காப்பாத்த என் புராஸ்டேட்டைக் குடுக்க முடியாது."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் சிக்னலைக் கவனிக்கவில்லை. மாஸ்டரின் வலது கால் கவனித்தது. வண்டி கோட்டுக்கு முன்னால் நின்றது.

"ஒண்ணு கேக்குறேன். உங்க அப்பாவுக்கு இதுன்னா எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

பச்சை விழுந்தது. மாப்பிள்ளை வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.

"எனக்குக் கத்துக்குடுத்த பெரியவர்கிட்ட. ஆத்துக்கு அந்தப் பக்கம், பழைய ஆஸ்பத்திரி. வருஷக்கணக்கா வாராவாரம் இதைத்தான் பண்றார்."

"அப்ப நான் யாரு மாப்பிள்ளை?"

அடுத்த திருப்பத்தில் வண்டி ஆற்றுப் பாலத்தின் பக்கம் திரும்பியது.

பழைய ஆஸ்பத்திரியின் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. தாழ்வாரத்தில், குழாயில் தொங்கிய சிறுநீர்ப் பையைக் கையில் பிடித்தபடி ஒருவர் நடை பழகிக்கொண்டிருந்தார். மாஸ்டர் விடவில்லை.

"எப்படி இருக்குங்க?"

"பையும் இருக்கு, நானும் இருக்கேன். நர்ஸம்மாதான் உட்கார விட மாட்டேங்குது. ஆனா ராத்திரி குழாய் அடைச்சுக்கிட்டப்ப, நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்து நின்னுச்சு."

மாஸ்டர் மனதுக்குள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மார்க் போட்டார். பெரியவரின் அறையில் மின்விசிறி தலையாட்டியது, பெரியவர் ஆட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. பரிசோதனைத் தாள்களை முழுக்கப் படித்தார். கதிர்வீச்சு வைத்தியமும் உண்டு, அந்த டாக்டரையும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார்.

"நீங்க எத்தனை பண்ணியிருப்பீங்க?" என்றார் மாஸ்டர். மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார்.

"ஆயிரத்துக்கப்புறம் அதை எண்றதை விட்டுட்டேன். கசிவு நிக்காதவங்களை மட்டும் விடாம எண்றேன். நூறுல ஆறேழு பேர், ஒரு வருஷம் கழிச்சும் துணி வச்சுக்கிறாங்க. நீங்க அதுல ஒருத்தரா இருக்க மாட்டீங்கன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

இதுவரை யாரும் அவரிடம் இப்படிப் பயமுறுத்திப் பேசவில்லை. மாஸ்டருக்கு முதல்முறையாகத் தைரியம் வந்தது.

"நான் மயக்கத்துல இருக்கும்போது ஸ்டியரிங் யார் கையில?"

"என் கையில. பழகுறவங்க பக்கத்துல நிப்பாங்க. கடைசியில ஒண்ணு ரெண்டு தையல் போடுவாங்க, என் கண்ணு முன்னால."

"பிரேக்?"

பெரியவர் மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தார். "இவரு இங்க பழகினப்பவும் என்கிட்டதான் இருந்துச்சு."

கதிர்வீச்சு டாக்டரையும் பார்த்துவிட்டு வந்து, இங்கேயே என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். செய்தி கேட்ட நீதிபதி மேல்முறையீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை வாசலிலேயே மறித்தார். "நான்தான் கூட்டிட்டுப் போனேன், சின்ன மாமா. திட்டணும்னா என்னைத் திட்டுங்க." மகள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று தேநீர் சத்தமில்லாமல் வந்தது.

"நானும் பெரியவரோட உள்ள நிக்கட்டுமா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டபோது மட்டும் மாஸ்டர் அலறிவிட்டார். "வேண்டவே வேண்டாம்! நமக்குள்ள மரியாதைன்னு ஒண்ணு மிச்சம் இருக்கட்டும்."

ஆபரேஷன் அன்று காலையில் மாப்பிள்ளை தன் காரிலேயே அழைத்துப் போனார். பின்னால் மனைவியும் மகளும் பையும். மாஸ்டர் வழக்கம்போல் பக்கத்து சீட்டில். பாலத்து இறக்கத்தில் ஒரு லாரி குறுக்கே வந்தது. மாப்பிள்ளை பதறாமல் நிறுத்தினார். நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மாமனாரின் வலது கால் வெறும் தரையைத் துளைக்கிற மாதிரி அமுக்கிக்கொண்டிருந்தது.

"மாமா, என் வண்டியில அங்க பிரேக் கிடையாது."

"தெரியும்," என்றார் மாஸ்டர், காலை எடுக்காமல். "நீங்க ஓட்டுங்க. நான் அமுக்கிக்கிட்டேதான் வருவேன்."