எங்கே என்று கேட்கிறவள்

இன்றைக்கும் கேட்டுவிட்டாள். நூல் வாங்கச் சேலம் கிளம்பிய நாச்சிமுத்து செருப்பில் ஒரு காலை நுழைத்ததுதான் தாமதம், மாடிப்படியிலிருந்து தலையை நீட்டி, "எங்கே போறீங்க?" என்றாள் ஹெலன். மனுஷன் காலை உருவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அவர் பெண்டாட்டி சௌந்திரம் ஒரு சொம்புத் தண்ணீரை ணங்கென்று அவர் முன்னால் வைத்தாள். வாசல் தாண்டுகிற ஆளை 'எங்கே' என்று கேட்டால் போகிற காரியம் விளங்குமா? திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும்.

"தூரமுங்களான்னு கேளு சாமி. எத்தன தடவ சொல்றது உனக்கு!"

"மன்னிச்சுக்கங்க அக்கா. வாயில வந்துடுச்சு."

வராமல் என்ன செய்யும்? கேட்பதுதானே அவளுக்குப் பிழைப்பு. ஹெலன் அமெரிக்காக்காரி, சிறுகதை எழுதுகிறவள். அந்த ஊர்ப் பத்திரிகைகளில் நல்ல பேராம். நெசவுக்காரர்களைப் பற்றி எழுதவேண்டும் என்று எழுபத்தெட்டில் ஜலகண்டாபுரம் வந்து, சௌந்திரத்தின் மாடியறையில் குடியேறினாள். கீழே தறி ஓடும், மேலே டைப்ரைட்டர் ஓடும். நூல்புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, கயிறு வைத்த பெரிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு உச்சிவெயிலில் தெருத் தெருவாக அலைவாள். குழாயடியில் யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நின்று, "அப்புறம்?" என்பாள். சண்டை அங்கேயே செத்துப்போகும். இரண்டு பேரும் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அவளுக்குக் கதை சொல்வார்கள்.

அப்படியாவது உருப்படியாக எழுதுகிறாளா என்றால் அதுவும் இல்லை. ஒருநாள் தன் கதை ஒன்றைத் தமிழில் சொன்னாள். கோபித்துக்கொண்டு போன மகனுக்காக ஒரு விதவை காத்திருக்கிறாள். உருளைக்கிழங்கு தோலுரிக்கும்போது டெலிபோன் அடிக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாள்.

"அப்புறம்?" என்றாள் சௌந்திரம்.

"அவ்வளவுதான்."

"ஏஞ்சாமி, மவன் வந்தானா இல்லையா?"

"தெரியாது அக்கா."

"எழுதுன உனக்கே தெரியாதா? கெழங்காச்சும் வெந்துச்சா?"

அதுவும் தெரியாதாம்! சௌந்திரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்க ஒரு தேசமே இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தை மாதத்தில்தான் நிஜமான வினை வந்தது. மகள் பெரியநாயகிக்குத் தாரமங்கலத்தில் ஒரு நல்ல இடம். பேசி முடிக்க நாச்சிமுத்து வாசல் இறங்கும்போது மாடிப்படியிலிருந்து அதே கேள்வி. உட்கார்ந்து தண்ணீர் குடித்து எழுவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் பிடித்துப் போனால், அங்கே வேறு ஒருவர் தாம்பூலம் மாற்றிக்கொண்டிருக்கிறார். "எம்புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!" என்று சௌந்திரம் தெருவே கேட்கக் கத்தினாள். ஹெலன் படியில் உட்கார்ந்து அழுதாள்.

ராசிபுரத்திலிருந்து அடுத்த இடம் வந்தபோது அவளே சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா, என்னை உள்ள வெச்சு வெளியே பூட்டிடுங்க." சௌந்திரம் கூசாமல் பூட்டினாள். பஸ் போன பிறகுதான் திறந்துவிட்டாள். இடம் அமைந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.

ஹெலனோ புதன்கிழமையே ஊருக்குக் கிளம்புகிறேன் என்கிறாள்!

"டிக்கெட்ட மாத்த முடியாதா?"

"மாத்தலாம் அக்கா. ஆனா அங்க வேலை இருக்கு."

எந்தக் கதையைத்தான் முடிவுவரை இருந்து பார்த்திருக்கிறாள் இவள்? பூட்டுக்குள் கிடந்து அமைத்துக்கொடுத்த கல்யாணத்தைப் பார்க்காமல் போகிறாளாம். ஆனாலும் 'இரு' என்று கெஞ்சச் சௌந்திரத்துக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை காலை முனையில் பஸ் நின்று ஹாரன் அடித்தது. நாச்சிமுத்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினார். ஹெலன் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டி, "போயிட்டு வாரேன் அக்கா" என்று பிசகில்லாமல் சொல்லி, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தாள்.

"எங்க போறே?" என்றாள் சௌந்திரம்.

"அடியே!" என்று நாச்சிமுத்து பதறினார். ஹெலன் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஒவ்வொரு கயிறாக அவிழ்த்து, பூட்ஸைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டது.

சௌந்திரம் சொம்பை அவள் கையில் கொடுத்தாள்.

"மெல்லக் குடி சாமி."