செத்த மானும் சித்தியின் கையும்

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மாந்தோப்பு சுற்றிப் பார்க்க யாராவது போவார்களா? எங்கள் வீட்டில் போனார்கள். மே மாத வெயிலில் அம்மாவும் சித்தியும் பட்டு, அப்பா கல்யாண வீட்டுக்குப் போடும் முழுக்கைச் சட்டை. தாம்பரம் தாண்டி, படப்பை ஊருக்கு உள்ளே, வெள்ளைக்காரத் துரை ஒருவன் மாமரமும் முந்திரியும் வைத்துக் கட்டிய தோட்ட பங்களாவைப் பார்க்கப் போகிறோம் என்றார்கள். ஒன்றாம் வகுப்பு முடித்த நான் நம்பினேன்.

விஷயம் வேறு. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வீட்டுக்கே வந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். வந்தவர்களுக்குப் பிடிக்காமல் போனால், ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று துக்கம் விசாரிப்பார்கள். அதனால் இரண்டு குடும்பமும் ஏதாவது பொது இடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். இவ்வளவு கேவலமாக நடிக்கப்படும் நாடகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. இரும்புலியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலையை விடச் சொல்கிற வீட்டுக்குப் போகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். அதை வாய் திறந்து சொன்னால் அம்மா அழுவாள். எனவே முதல் நாளே என்னோடு ஒப்பந்தம் போட்டாள்.

"நான் உன் கைய அழுத்தினா, 'மான் பாக்கணும்'னு கத்து. எவ்ளோ கத்துறியோ அவ்ளோ சீக்கிரம் கிளம்பலாம். கேட் மூடறதுக்குள்ள காலேஜ் போய் மான் பாத்துடலாம்."

தாம்பரத்தில் அவள் படித்த கல்லூரி ஒரு காடு. அங்கே புள்ளிமான் மேயும். அதைக் காட்டச் சொல்லி நான் பல மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். ஒப்புக்கொண்டேன்.

பங்களா வாசலில் ஓர் அம்மாளும் அவர் மகனும் நின்றிருந்தார்கள். அந்த அம்மாளும் பட்டுதான்.

"அடடே! நீங்களும் இங்கதானா?" என்றார் அப்பா. அதற்கு முந்தின நிமிடம்தான் அவர்களிடம் போனில் வழி சொல்லியிருந்தார்.

சுற்றிக் காட்டும் ஆள் எல்லோரையும் ஒரே குடும்பமாகச் சேர்த்துவிட்டார். சிவப்புத் தரை, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஜன்னல், உத்தரத்தில் தொங்கும் பாய் மாதிரி ஒரு துணி விசிறி. "தொர இங்க குந்திகினு துன்னுவாரு. வெளிய ஒர்த்தன் கயிறு இஸ்துகினே இருப்பான். கை நின்னா ஒதை," என்றார் அவர். பெரியவர்கள் யாரும் கேட்கவில்லை. அவர்கள் வந்த வேலை வேறு.

"சர்ச்ல பாடுவியாமா?" என்று கேட்டார் அந்த அம்மாள். சித்தி என் கையை அழுத்தினாள்.

"மான் பாக்கணும்!"

"சமையல்லாம் எப்படி?" அழுத்தல். "மான் பாக்கணும்!"

"கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவியா என்ன?" இந்த முறை எலும்பு நொறுங்கியிருக்கும். நான் தரையில் உட்கார்ந்து கூரை அதிரக் கத்தினேன். அம்மா என் தோளைக் கிள்ளினாள். அந்த அம்மாள் பொறுமையிழந்து சுவரைக் காட்டினார்.

"மான்தானே? அதோ மேல இருக்கு, பாத்துக்கோ."

கொம்போடு ஒரு தலை மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கண். நான் நிஜமாகவே அழ ஆரம்பித்தேன்.

"அம்மா, அது செத்துப்போன மான்," என்றார் மகன். அவர் அன்று பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பிறகு வழக்கப்படி, இருவரும் தனியாகப் பேசட்டும் என்று பின் வராந்தாவுக்கு அனுப்பினார்கள். சித்தி என்னை விடவில்லை. கூடவே போனேன், கையைத் தயாராக வைத்துக்கொண்டு.

அவர் என்னிடம் குனிந்தார். "கை வலிக்கலையா பாப்பா? எங்கம்மா வாயத் திறந்தாலே அழுத்தறாங்களே."

சித்தியின் முகம் சிவந்துவிட்டது. "பாத்துட்டீங்களா?"

"முதல் தடவையே. எனக்கும் இப்படி ஒரு பாப்பா இருந்தா கூட்டிட்டு வந்திருப்பேன். கடைசிக் கேள்விக்கு நீங்க பதில் சொல்லலையே."

"வேலைய விடமாட்டேன்."

"விடாதீங்க. எனக்கு நல்லா சமைக்க வரும். எங்கம்மாவுக்குத்தான் அது தெரியாது."

சித்தி சிரித்தாள். நான் காத்திருந்தேன். அவள் அழுத்தவில்லை. அவர் ஏதோ கேட்டார், இவள் ஏதோ சொன்னாள். வேலை, பள்ளிக்கூடம், தாம்பரம் ரயிலில் நிற்க இடம் கிடைக்காதது என்று எதையெதையோ பேசினார்கள். நானே அவள் விரலை அழுத்தி நினைவூட்டினேன். அவள் என் கையை விட்டுவிட்டு, பறக்கும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாடகைக் காரில் பின் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். வாக்குக் கொடுத்தவள் அவள். தொண்டை கிழியக் கத்தியவள் நான். இன்று யோசித்தாலும் நியாயம் என் பக்கம்தான்.

தாம்பரத்தில் கல்லூரி வாசலைக் கடந்தோம். கேட் மூடியிருந்தது. அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பிச் சித்தியைப் பார்த்தார்.

"அவங்க பதில் கேப்பாங்க. என்னம்மா சொல்லட்டும்?"

சித்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். இருட்டில் அவள் கை என் கையைத் தேடிப் பிடித்து, பகலெல்லாம் இல்லாத அளவுக்கு இறுக்கி அழுத்தியது.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நான் எழுந்து நின்று, இருந்த சக்தியெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"மான் பாக்கணும்!"

அம்மா சிரித்தாள். அப்பா சிரித்தார். சித்தியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. யாரும் காரை நிறுத்தச் சொல்லவில்லை. அவள் சொன்னபடிதானே செய்தேன், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது.