ரெண்டு அறை சிலிண்டரும் என் வயிற்றெரிச்சலும்

பிரேக் மெக்கானிக்கை யாரும் பாராட்டி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வண்டி நிற்காதபோதுதான் எங்கள் பெயரே ஞாபகத்துக்கு வரும். துடியலூரில் பழைய கார்களுக்கு பிரேக் வேலை பார்க்கிறேன். கூடத் தொழில் கற்றவனின் கடை தன் கடையைவிடப் பளபளப்பதைப் பார்த்து உள்ளுக்குள் வெந்திருக்கும் அன்பர்களே, இது நமக்குள் இருக்கட்டும்.

ரப்பர் மாற்றுகிறவன்

மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருக்கும் பழனிசாமி அண்ணனின் வெள்ளை அம்பாசிடர் வெகுகாலமாக என் கையில்தான் இருந்தது. ஒருநாள், சிக்னலில் மிதித்தபடி நின்றால் பெடல் தானாக மெல்ல இறங்குகிறது என்று வந்தார். வெளியே எங்கும் ஆயில் கசிவில்லை. மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்தால் இப்படித்தான். மிதிக்கிற அழுத்தம் உள்ளேயே நழுவிவிடும். புது ரப்பர் போட்டு, பைப்புக்குள் புகுந்த காற்று வெளியேறும்வரை ஏர் எடுத்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. அண்ணன் மிதித்துப் பார்த்துத் தலையாட்டினார். கிளம்பும்போது கேட்டார்: "ஏனுங்க செந்திலு, சரவணம்பட்டியில செல்வின்னு ஒருத்தரு பழைய வண்டிக்கெல்லாம் ரெண்டு அறை வெச்ச சிலிண்டரே போட்டுத் தர்றாராமா. நீங்க இன்னும் ரப்பரையே மாத்திக்கிட்டு இருக்கறீங்களே?"

கண்ணாடிக் கதவு

அடுத்த முறை அம்பாசிடர் சரவணம்பட்டிக்குப் போய்விட்டது. செல்வின் எனக்குப் புதியவன் அல்ல. ஒரே பட்டறையில் ஒன்றாக வேலை கற்றவர்கள் நாங்கள். பிரேக் ஆயில் வாங்குகிற சாக்கில் அவன் கடைக்குப் போனேன்.

கண்ணாடிக் கதவு. உள்ளே ஏசி. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அத்தனை சுத்தம். ஐடி கம்பெனிப் பையன்கள் தாத்தா காலத்துக் கார்களோடு வரிசையாகக் காத்திருந்தார்கள். ஏதாவது குறை கண்ணில் படாதா என்று லிஃப்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். படவில்லை. ஆள் கெட்டவனாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டிக்கொண்டே வீடு வந்திருக்கலாம். அவனோ என்னைக் கட்டிப்பிடித்து, காபி வரவழைத்து, அத்தனை பேர் முன்னாடியும் சொன்னான்: "இவரு என்ற மாப்ளைங்க. ஏர் எடுக்கறதுல இவரு கைக்கு நானெல்லாம் கிட்ட நிக்க முடியாதுங்க."

வீட்டுக்குள்ளேயே

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் மனைவி கலாவிடம் பேச்சை எடுத்தேன். பழைய சிலிண்டரில் ஒரே அறை. எங்கே ஒரு பைப் உடைந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. ரெண்டு அறை என்றால் முன்சக்கரம் தனி, பின்சக்கரம் தனி. ஒன்று போனாலும் இன்னொன்று வண்டியை நிறுத்தும். இதில் என்ன பெரிய அதிசயம், நானும் போடுவேன் என்றேன். கலா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "தெரியுமுங்க, செல்வினண்ணன் வீடியோவுல பாத்தேன். அவரு சொன்னா வெளங்குது, நீங்க சொன்னாத் தூக்கம் வருது."

மேரி டீச்சரின் ஹெரால்டு

ரிட்டயரான கணக்கு டீச்சர் மேரி, தன் ஹெரால்டு காருக்கு ரெண்டு அறை சிலிண்டர் வேண்டும் என்று வந்தார். குன்னூரில் இருக்கும் தங்கையைப் பார்க்க அவரே ஓட்டிப் போகிறவர். செல்வினைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்ற வெறியில் வேலை செய்தேன். போல்ட் ஓட்டைகள் பொருந்தவில்லை. லேத்தில் தனியாகத் தகடு அடித்து உட்கார வைத்தேன். முன்னுக்கும் பின்னுக்கும் பைப்பைப் பிரித்து இழுத்தேன். ஏர் எடுத்த பிறகும் மனசு கேட்காமல் மறுபடி எடுத்தேன்.

டீச்சர் மலையிலிருந்து இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டியதும், கல் தெறித்து, பின்சக்கரத்துக்கு பிரேக் ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் கிழிந்துவிட்டது. முன்னால் ஒரு பஸ், நின்று நின்று இறங்கிக்கொண்டிருந்தது. மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் இறங்கிப்போனது. பிறகு நின்றது. காரும் நின்றது, பஸ்ஸின் பின்பக்கத்தைக் கை நீட்டித் தொடுகிற தூரத்தில்.

போன் வந்ததும் பைக்கில் பறந்தேன். பின்சக்கரம் ஆயிலில் குளித்திருந்தது. முன்சக்கரங்கள் காய்ந்தே இருந்தன. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது. வாழ்நாளில் ஒரு பாராட்டாவது கேட்டுவிடலாம் என்று நின்றேன். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம் கண்ணு! அந்த செல்வின் தம்பி வீடியோவப் பாத்துப்போட்டு இதப் போடச் சொன்னது எத்தன நல்லதாப் போச்சு! அந்தத் தம்பி நல்லா இருக்கோணும்."

கிழிந்த ஹோஸ்

விஷயம் கேள்விப்பட்டு மறுநாளே செல்வின் துடியலூருக்கு வந்துவிட்டான். கலா கொடுத்த காபியை ஒரு கையிலும், கிழிந்த ஹோஸை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். நான் இழுத்து வந்து நிறுத்தியிருந்த ஹெரால்டுக்குள் தலையை விட்டு, நான் அடித்த தகட்டைத் தடவிப் பார்த்தான். பிறகு சொன்னான்: "எத்தனையோ வண்டிக்குப் போட்டிருக்கறேன் மாப்ள, ஒண்ணுகூட இப்படி ஒரு உசுரக் காப்பாத்திக் காட்டுனதில்ல. நெசமாச் சொல்லிப்போடறேன், எனக்கு வயிறு எரியுது."

இத்தனை காலமாக நான் மனசுக்குள் ஒளித்து வைத்துப் பாடுபட்ட பொறாமையைக்கூட, என் வீட்டுக் காபியைக் குடித்தபடியே, என்னைவிட நேர்த்தியாகப் பட்டுவிட்டுப் போனான் அவன்.