வராந்தாவுக்குப் போன சாட்சி

லஞ்சப் பணத்தோடு ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் வழக்கு முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முடியாதாம். அவர் வாய்விட்டுக் கேட்டார் என்பதையும் நிரூபிக்க வேண்டுமாம். பணம் மேசைக்குள் இருந்தது. போலீஸ் கொண்டுவந்த கரைசலில் அவர் விரல்களை முக்கியதும் அது ரோஸ் நிறமாக மாறியது. அதெல்லாம் சரி, ஆனால் கேட்டாரா? இந்த ஒரு கேள்விக்காகப் பேட்டைக்கும் பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்கும் வருடக்கணக்கில் பஸ் ஏறி இறங்கினேன்.

என் கணவர் பேட்டையில் இரும்பு பீரோ செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தோம். அதை அளந்து தனிப் பட்டா வாங்கினால்தான் வங்கியில் கடன் கிடைக்கும். அலுவலகங்களுக்கு அலைவது எங்கள் வீட்டில் என் வேலை. அவருக்கு ஓர் அதிகாரியின் முன்னால் நின்று பேச வராது. எனக்கு வரும். கொஞ்சம் கூடுதலாகவே வரும் என்று எங்கள் திருச்சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சர்வேயர் மரியாதையான மனிதர். எப்போது போனாலும் "வாங்கக்கா, உக்காருங்கக்கா" என்பார். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதையெல்லாம் நான் முன்பே கட்டிவிட்டேன். இருந்தும் இன்றைக்கு வாருங்கள், நாளைக்கு வாருங்கள் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு தொகையைச் சொல்லி, "இது இல்லாம ஃபைல் நகராதுக்கா" என்றார். கத்திரிக்காய்க்கு விலை சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "எல்லாரும் குடுக்கதுதானட்டி. குடுத்து விட்டுட்டு நம்ம சோலியப் பாப்போம்" என்றார். மறுநாள் காலையில் லஞ்ச ஒழிப்பு போலீசாரிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன்.

அவர்கள் வேறு அலுவலகங்களிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சிகளாக வரவழைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னோடு உள்ளே வந்து, நடப்பதைப் பார்த்து, பேசுவதைக் காதில் வாங்க வேண்டும். அவர் விவசாய அலுவலகத்தில் எழுத்தர், சேரன்மகாதேவிப் பக்கத்துக்காரர். ஓய்வு பெறும் வயதில் இப்படியொரு வேலையில் மாட்டிவிட்டார்களே என்ற வருத்தம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. தொட்டவர் விரலைக் கரைசலில் காட்டிக்கொடுக்கும் வெள்ளைப் பொடியை நோட்டுகளில் தடவி என் கைப்பைக்குள் வைத்தார்கள். பேச்சைப் பதிவு செய்ய ஒரு சின்னக் கருவியும் வைத்தார்கள். பிற்பாடு அதைப் போட்டுக் கேட்டபோது, சர்வேயர் தலைக்கு மேல் சுற்றிய ஃபேன் சத்தம்தான் இருந்தது. "அம்மாவை விட்டு நகரக் கூடாது" என்று இன்ஸ்பெக்டர் எழுத்தரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரும் தலையாட்டினார்.

அறைக்குள் போனோம். எழுத்தரைச் சொந்தக்காரர் என்று சொல்லி வைத்தேன். சர்வேயர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேசை டிராயரை இழுத்துத் திறந்து வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நான் சொன்ன ரூவாயக் கொண்டாந்துட்டீயளாக்கா?" என்று கேட்டார். எழுத்தர் காதில் இது விழுந்திருக்குமே என்ற சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் ஆளைக் காணோம். மனிதர் வராந்தாவில் நின்று வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் அது ஊறிப்போன பழக்கம். கடையிலோ கல்யாண வீட்டிலோ இரண்டு பேர் பணப் பேச்சைத் தொடங்கினால், மூன்றாவது ஆள் அங்கே நிற்க மாட்டார். தண்ணீர் குடிக்கப் போவார், இல்லையென்றால் தெருவை வேடிக்கை பார்ப்பார். நின்றுகொண்டே இருந்தால் விவஸ்தை இல்லாதவன் என்று பெயராகிவிடும். நானே எத்தனையோ முறை அப்படி விலகிப் போயிருக்கிறேன். ஆனால் எதற்காகக் கூட்டி வந்தோமோ அதை விட்டுவிட்டு இங்கேயும் வந்து மரியாதை பார்ப்பார் என்று யார் கண்டது?

பணத்தைக் கொடுத்தேன். சர்வேயர் வாங்கி டிராயருக்குள் போட்டார். சைகையாகச் சொல்லியிருந்தபடி முந்தானையால் முகத்தைத் துடைத்தேன், போலீஸ் உள்ளே வந்தது. அவர் கேட்டதைக் காதால் கேட்டது நான் ஒருத்திதான்.

அவர்மீது வழக்குத் தொடர மேலிடத்து அனுமதி வருவதற்குள்ளேயே எனக்குப் பாதித் தெம்பு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "பாவம், பிள்ளைக்குட்டிக்காரன்" என்று சர்வேயருக்காக என் காதுபடப் பேசினார்கள். ஒரு நாள் சபைப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். "பொய் சொல்லச் சொல்லல தாயி. நெனப்பில்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா அவன் பொழச்சுக்கிடுவான்" என்றார். நினைவில் இருப்பதை இல்லை என்பது பொய்யில்லாமல் என்ன என்று கேட்டேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். கணவர் அங்கேயேதான் இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என் பக்கம் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பிய்த்து எடுத்தார். முறை தவறிச் சீக்கிரம் அளந்து தரச் சொன்னேனாம், சர்வேயர் மறுத்தாராம், அந்த ஆத்திரத்தில் நானே டிராயரைத் திறந்து பணத்தைத் திணித்தேனாம், அவர் அதை எடுத்துத் திருப்பித் தரும்போதுதான் விரலில் பொடி பட்டதாம். இல்லை, இல்லை என்று சொல்லியே தொண்டை வறண்டுபோயிற்று. சர்வேயர் கேட்டதைப் பற்றி நான் சொன்னதெல்லாம் என் வாய்வார்த்தை மட்டும்தான் என்று வக்கீல் நீதிபதி காதில் விழும்படி மூன்று விதமாகச் சொன்னார்.

அடுத்து எழுத்தர் கூண்டில் ஏறினார். இதற்குள் ஓய்வு பெற்றிருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. அரசுத் தரப்பு வக்கீல் கேட்டதற்கு, "நான் எதையும் கேக்கல. வராந்தாவுக்குப் போயிட்டேன்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த நிமிஷம் அவரைப் பிடித்துத் தாமிரபரணியில் தள்ளலாமா என்று இருந்தது எனக்கு. கூட ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் குடியா முழுகிவிடும் என்றும் நினைத்தேன். சபைப் பெரியவரிடம் அவ்வளவு வாயடித்தவள்தான் நான்.

எதிர்த்தரப்பு வக்கீல் அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். மனிதரை இன்னும் கொஞ்சம் மட்டம் தட்டிப் பார்க்க ஆசைப்பட்டுவிட்டார்.

"உங்களை அங்கே எதற்கு அனுப்பினார்கள் என்றாவது தெரியுமா?"

"தெரியும்யா."

"பிறகு எதற்காக வெளியே போனீர்கள்?"

எழுத்தர் கூச்சத்தோடு சொன்னார். "சாரு என்னையப் பாத்துட்டு டிராயரத் தொறந்து வச்சாருய்யா. அந்தம்மா அப்ப வாயும் தொறக்கல, பையும் தொறக்கல. குடுக்கல் வாங்கல் வருது, நம்ம நிக்கப்பிடாதுன்னு கால் தன்னால நவுந்துட்டு. தப்புதான்யா."

வக்கீல் அவசரமாக உட்கார்ந்துவிட்டார். நீதிபதி அந்தப் பதிலை இன்னொரு முறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்ய வைத்தார். டிராயரைத் திறந்தது யார், எப்போது என்பதை அந்த மனிதர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். நானே திறந்து பணத்தைத் திணித்தேன் என்ற வக்கீலின் கதை அதோடு போயிற்று. எனக்கு அழுகை வந்தது. சற்று முன்னால் அவர் ஒரு பொய் சொல்லமாட்டாரா என்று ஏங்கினேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

தீர்ப்பு நாளில் என் கணவரும் வந்திருந்தார். வழக்குக்காக அவர் நீதிமன்றத்துக்கு வந்தது அன்றைக்குத்தான். கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாகிவிட்டன, புகார்தாரரின் சாட்சியம் நம்பத்தக்கது என்று நீதிபதி வாசித்தார். மதுரைக்கு மேல்முறையீடு போவார்கள் என்று பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். சர்வேயரின் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்க முடியவில்லை. நான் வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் கணவர் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். கிளாஸை என் கையில் தந்துவிட்டு, பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர் போலப் பெருமூச்சு விட்டார்.

"அப்பம் அவன் நெசமாவே கேட்டுத்தான் இருக்கான், என்னட்டி?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. மனப்பூர்வமான சந்தோஷத்தோடுதான் சொன்னார்.

"நீ கோவக்காரி. ஆத்திரத்துல எதையும் மாத்திச் சொல்லிட்டியோன்னு எனக்கு உள்ளுக்குள்ள இருந்துகிட்டே இருந்துச்சு" என்றார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. பேட்டை பஸ் வந்தது. அவர் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். நான் முன்னால் போய், பெண்கள் இருக்கையில், முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.