மாமாவின் காரில் இரண்டு சத்தம்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேருக்கு முன்னால் பேசவே கூச்சம். இதை நான் எழுதுவது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் அன்றைக்கு அந்தக் காரின் பின்பக்கத்துக்குள் இருந்தது நான் ஒருத்திதான் என்பதால், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கொழும்பில் வேலை பார்த்தார். அவரிடம் கூரையை மடித்து விடக்கூடிய ஒரு சிவப்புக் கார் இருந்தது. இரண்டு பேர்தான் அதில் இருக்கலாம். ஊர்காவற்றுறையில் அதைப் பார்க்காதவர்கள் இல்லை. என் அப்பாவும் கார்தான் ஓடினார். அது வாடகைக்கு ஓடும் பழைய கார். கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுதான் போகும்.

தைப்பொங்கலுக்கு வந்தபோது மாமா கூட்டாளிமாரைப் பார்க்கக் காரைநகருக்குப் போனார். திரும்பி வருகையில், வாகனங்களைக் கடல் தாண்டி ஏற்றி வருகிற, நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவையிலிருந்து இறக்கும்போது பலகை வழுகி, காரின் பின்பாதி கடலுக்குள் இறங்கிவிட்டது. பத்துப் பேர் சேர்ந்து தூக்கினார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைக் கழுவினார். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் லேசில் கிடைக்காது. தூரத்துக் கிணற்றிலிருந்து அள்ளி வந்த நல்ல தண்ணீரை அவர் வெளியே தெரியும் சிவப்புக்கு ஊற்றினார். அடிப்பக்கத்துக்கு வளவுக் கிணற்று உவர்த் தண்ணீர். எல்லாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். கார் பளபளத்தது.

சித்திரை லீவில் மாமா மறுபடியும் வந்தபோது அது சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. அன்று பின்னேரம் அவர் யாழ்ப்பாணத்துக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். இந்தக் காரில் வருவதாகப் பெண் வீட்டாருக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

காலையில் அப்பா சின்னப் பிள்ளையான என்னைச் சீற்றுகளுக்குப் பின்னால் இருந்த சின்ன இடைவெளிக்குள் படுக்க வைத்தார். காதைத் தகட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். மாமா ஓட, அப்பா பக்கத்தில் இருந்தார். கோயிலடி மட்டும் போய்த் திரும்பினோம். எனக்கு ஒரே சந்தோசம்.

"பிள்ளை, எங்கையிருந்து வருது?" என்று அப்பா கேட்டார்.

"பின்னால ஊளையிடுது. முன்னால டக் எண்டுது. மாமா காலை எடுத்திட்டுத் திரும்ப அமத்தேக்கை மட்டும்தான் டக்."

அப்பா ஜக்கை எடுத்து வந்தார். பின்சில்லு இரண்டையும் ஜக்கில் தூக்கிவிட்டு அடியில் புகுந்தார். எஞ்சின் பக்கமிருந்து பின்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டைக் கையால் இப்படியும் அப்படியும் முறுக்கினார். முன்முனையில், அதைப் பூட்டும் ஜொயின்ட்டில், அதே டக். விரலை நீட்டிக் காட்டினார். அதில் மிளகாய்த்தூள்போலச் சிவப்புத் துரு.

"ஊளை கிடக்கட்டும் தம்பி. அது கன காலத்துக்கு ஊளையிடும். இந்த ஜொயின்ட் மாத்தாமல் நீர் ஓட ஏலாது."

புது ஜொயின்ட் கொழும்பிலிருந்து வர வேண்டும். மாமாவின் முகம் சுருங்கியது. என் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்பா சொன்னது இன்னும் பிழையாகப் போயிற்று.

"உந்தத் தகரத்திலையோ? ரண்டு சீற் காரைக் கண்டால் உங்களுக்குப் பொறுக்காது, அத்தான்."

ஊளைக்கு மருந்து மாமாவுக்குத் தெரியும். பழைய கார் விற்கிற றைவர்மார் பின் அச்சுப் பெட்டிக்குள் வாழைப்பழத்தைப் பிசைந்து விட்டுச் சத்தத்தை அடக்குவதை அப்பாவே முன்பு சிரித்துச் சிரித்துச் சொல்லியிருந்தார். மாமா எங்கள் குலையிலிருந்தே பழம் பிடுங்கினார். பிசைந்து கொடுத்தது நான். நானும் பின்னால் படுக்க, மறுபடி கோயிலடிக்குப் போய் வந்தபோது ஊளை இல்லை. மாமா வழி முழுக்கப் பாடினார். டக் என்பதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மாமா குளிக்கப் போனபோது அப்பா காரின் மூடியைத் திறந்து, எஞ்சினிலிருந்து சின்ன ஒரு துண்டைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார். அது இல்லாமல் கார் ஸ்ராட் ஆகாது. வெள்ளைச் சேட்டும் சென்ட் வாசமுமாக வந்த மாமாவுக்கு விசயம் விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. அவர் கத்தவில்லை, தாருங்கோ அத்தான் என்று கையை நீட்டினார். அப்பா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா இரண்டாம் முறையும் கேட்டார்.

அம்மா குசினிக்குள்ளிருந்து வந்தா.

"குடுங்கோ அதை. என்ர தம்பி உங்களிட்டைக் கெஞ்ச வேணுமோ?"

அப்பா வேலியிலிருந்து திரும்பினார். பிறகு மடியை அவிழ்த்துக் கொடுத்தார். அதைத் தானே பூட்டியும் விட்டார். மெல்ல ஓடும், காலைச் சடாரென்று எடுக்காதையும் என்று மட்டும் சொன்னார். மாமாவுக்கு அது கேட்டதோ தெரியாது.

கார் சத்தமில்லாமல் போனது. ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது ஒரு டக். அது எனக்குக் கார் ‘போயிற்று வாறன்’ என்று சொன்னதுபோல இருந்தது. நான் கை காட்டினேன்.

பொழுதுபடச் செய்தி வந்தது. பண்ணைப் பாலத்தில் தண்டின் முன்முனை கழன்று றோட்டில் குத்தி, காரைத் தூக்கிக் கடலுக்குள் எறிந்துவிட்டதாம். அம்மா நிலத்தில் கிடந்து அழுதா. அப்பா பக்கத்தில் போகவில்லை. அப்பாவுக்கு மாமாமேல் இன்னும் கோபம் போலும் என்று நான் நினைத்தேன்.

அடுத்த நாள் காலை, மாமாவின் உடலை நீட்டிப் படுக்க வைத்துக் கொண்டுவருவதற்காக, அப்பா தன் காரின் பின்சீற்றைக் கழற்றி விறாந்தையில் வைத்துவிட்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் வரும்வரை நான் அதில் ஏறியிருந்து கார் ஓடி விளையாடினேன்.