தேர் நின்றால் பேண்டும் நிற்கும்

1. திங்கட்கிழமை ஒத்திகை

பட்டமளிப்பு விழாவுக்கு நான்கே நாள் இருந்தது. ஒத்திகையில் மேடையை நோக்கி ஊர்வலமாக வந்துகொண்டிருந்த துணைவேந்தர் நடுவழியில் நின்று செருப்பைச் சரிசெய்தார். அவ்வளவுதான். நான் நடத்திய வின்ட் பேண்ட் மார்ச் இசையின் நடுவிலேயே ஊதுவதை நிறுத்திவிட்டது. கிளாரினெட், ட்ரம்பெட், யூஃபோனியம் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைவிட்டு இறங்கின. பேஸ் ட்ரம் மட்டும் டும் டும் என்று தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

அரங்கம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. பதிவாளர் நேராக என்னிடம் வந்தார்.

“என்னம்மா இது? பெரியவங்க நின்னா மியூசிக்கும் நின்னுடுமா? பேசாம ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுடலாம். வெள்ளிக்கிழமையும் இப்படி ஆச்சுன்னா பேண்டை மூடிட்டு அந்த ரூமை எக்ஸாம் செக்‌ஷனுக்குக் குடுத்துடுவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. அந்த அறையை ஏற்கெனவே ஒருமுறை டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார்.

மூன்று வருடமாக நான் கட்டிய பேண்ட் அது. பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் வரை கடற்கரையோரக் கத்தோலிக்கப் பங்குகளில் மாதா கோயில் பேண்டில் வாசித்த பிள்ளைகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன். உதடு பழகியவர்கள், நோட்டேஷன் மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும் என்பது என் கணக்கு. ஒத்திகை முடிந்ததும் அவர்களைக் கிழி கிழியென்று கிழித்தேன்.

“காலையில சாப்பிடாம வந்தீங்களா? மூச்சு எங்கடா போச்சு?”

பேஸ் ட்ரம் வாசிக்கும் செல்வி மட்டும் வாயைத் திறந்தாள். அவள் மரக்காணம் உப்பளத் தொழிலாளியின் மகள். கோயில் பேண்ட் பக்கமே போகாதவள்.

“மேடம், நீங்க கையை இறக்கவே இல்லையே. இவங்க ஏன் நிறுத்தினாங்க?”

முதல் ட்ரம்பெட் சகாயராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“தேர் நின்னா பேண்டும் நின்னுடணும் மேடம். சாமியார் மைக்குல ஜெபம் சொல்லுவாரு. அப்ப எவனாவது ஊதிட்டான்னா அன்னைக்கு அவனுக்குச் சாப்பாடு கெடையாது. சின்ன வயசுலேர்ந்து அப்படியே பழகிடுச்சு. முன்னாடி போறவங்க நின்னா வாயும் தானா நின்னுடுது.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நானும் திருவிழாத் தேர்ப்பவனியில் கிளாரினெட் வாசித்து வளர்ந்தவள்தான். ஜெபத்தின் நடுவே ஊதி பேண்ட் மாஸ்டரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். அது எப்படி மறந்துபோனது? வெளியூரில் படித்துப் பட்டம் வாங்கி வந்த திமிர், வேறென்ன.

2. உப்பளச் சாலை

ஊர்வலத்தைப் பார்க்காதே, என் குச்சியைப் பார் என்று அன்று மாலையே சொல்லிப் பார்த்தேன். பலிக்கவில்லை. பிறகுதான் புத்தி வந்தது. பவனியில் யாரும் குச்சி ஆட்டுவதில்லை. நடக்கிற காலை வைத்துத்தான் தாளம். குச்சியை மேசைமேல் போட்டேன்.

“இனிமே தேர் நான்தான். என் கால் நடக்கற வரைக்கும் நீங்க ஊதணும். உலகமே நின்னாலும் சரி.”

அடுத்த மூன்று நாளும் காலையில் வண்டி வராத இடமாகப் பார்த்து மரக்காணம் உப்பளச் சாலைக்கு அழைத்துப் போனேன். பேண்டைப் பார்த்து நின்று, நின்ற இடத்திலேயே இடது வலது என்று கால் போட்டேன். எனக்குப் பின்னால், ஊர்வலத்துக்குப் பதிலாக, எங்கள் அலுவலக உதவியாளர் முனுசாமி என் ஸ்கூட்டரை ஓட்டுவார், நினைத்த இடத்தில் நிறுத்துவார். முதல் நாள் ஸ்கூட்டர் நின்ற போதெல்லாம் பேண்டும் நின்றது. உப்புக் காற்றில் ட்ரம்பெட் வால்வுகள் வேறு ஒட்டிக்கொண்டன. நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

செல்வியின் அம்மா உப்பு வாரும் பலகையோடு பாத்தியில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்பா, வண்டி நின்னா உங்களுக்கு என்னா? இங்க மொதலாளி வந்து நின்னாலும் நாங்க வார்றத நிறுத்தறதில்லையே?”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் விடிந்ததிலிருந்து கத்தியதை அந்த அம்மா ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். மறுநாள் இரண்டே முறைதான் நின்றார்கள். வியாழக்கிழமை ஒருமுறைகூட இல்லை.

3. வெள்ளிக்கிழமை

ஊர்வலம் பாதி வழி வந்திருக்கும். சிறப்பு விருந்தினர் கூட்டத்தில் தன் பழைய ஆசிரியையைப் பார்த்துவிட்டார். வரிசையை விட்டு விலகிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். மொத்த ஊர்வலமும் நின்றது. எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. என் முதுகு அந்தப் பக்கம். சகாயராஜின் கண் பெரிதானது மட்டும் தெரிந்தது.

நான் கால் போட்டுக்கொண்டே இருந்தேன். பட்டுச் சேலை, வலிக்கிற முழங்கால். மார்ச் முடிந்ததும் முதலிலிருந்து, மறுபடி முதலிலிருந்து. சகாயராஜுக்கு நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. செல்வியின் அடி ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒருவரும் நிறுத்தவில்லை.

விருந்தினர் மேடையேறி உட்கார்ந்ததும், பேண்டுக்குப் பின்னால் எனக்கு எதிரே நின்றிருந்த முனுசாமி கையசைத்தார். நான் காலை நிறுத்தினேன். முப்பத்து மூன்று பேரும் ஒரே அடியில் நிறுத்தினார்கள். பிறகு எழுந்த கைதட்டலில் எனக்கு அழுகை வந்துவிட்டது. விருந்தினர் மேடையிலிருந்து பேண்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

விழா முடிந்ததும் பதிவாளர் வந்தார்.

“ஏம்மா, அவங்க ரெண்டு பேரும் பேசறது கேக்கட்டுமேன்னு நிறுத்தச் சொல்லி உங்க பின்னாடி நின்னு ரெண்டு கையையும் ஆட்டினேன். ஒருத்தர்கூடப் பாக்கலையே?”

“பாத்திருப்பாங்க சார். நான் நிக்கலையே.”

முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரி, அடுத்த வருஷத்துக்கு என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் குடுங்க” என்றார். அன்று மாலையே கொடுத்தேன், இரண்டு பக்கம்.

பேண்ட் நடத்த வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் முன்னால் உட்காரும் பிள்ளை உங்களிடம் வருவதற்கு முன்பே வாசிக்கக் கற்றவன். எங்கே வாசித்தான், எதைப் பார்த்துத் தொடங்குவான், எதைப் பார்த்து நிறுத்துவான் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். நான் மூன்று வருடம் கழித்து, அதுவும் ஒரு ட்ரம் வாசிக்கும் பெண் கேட்ட பிறகுதான் கேட்டேன்.